எண்ணெயும் ரத்தமும்

ஜூன் 2, திங்கள்

என் பெயர் தி. பரஞ்சோதி. வயது ஐம்பது. விருதுநகரில் சமையல் எண்ணெய்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் முதன்மை வேதியியலாளராக இருக்கிறேன். இந்த நாட்குறிப்பை எழுதுவதன் நோக்கம், என் ரத்தத்தில் ஏறியிருக்கும் கெட்ட கொழுப்புக்கு உணவே காரணம் என்பதையும், உணவைத் திருத்தினால் மாத்திரையின் துணையின்றி அது இறங்கும் என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதாகும். பிறர் பேசியவற்றைப் பேசியபடியே பதிவு செய்வேன். திருத்தி எழுதினால் அது சான்றாகாது.

நானாகச் சோதனைக்குப் போகவில்லை. என் மனைவி ராஜகனி சென்ற மாதம் முழுவதும் நச்சரித்தாள். ஐம்பது ஆகிவிட்டது, ஒருமுறை முழு உடம்பையும் பார்த்துவிட வேண்டும் என்றாள். சர்க்கரை சரி. ரத்த அழுத்தம் சரி. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு மட்டும் 241. நூற்றுமுப்பதுக்குள் இருக்க வேண்டியது.

டாக்டர் மெஹருன்னிசா என் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இங்க தடிச்சிருக்கே, எப்பலேர்ந்து?"

செருப்பு வார் உரசியிருக்கும் என்றேன்.

"அப்பா இருக்காங்களா?"

"நாற்பத்தாறு வயதில் இறந்தார். மாரடைப்பு."

"அவங்களுக்குக் கண்ணோரத்துல மஞ்சளாத் தடிப்பு இருந்துச்சா?"

இருந்தது. இரண்டு இமைகளின் மூக்கோர மூலையிலும் பட்டாணி அளவில் இருந்தது. அவர் தின்ற கொழுப்பு போக இடமில்லாமல் அங்கே வந்து உறைந்து நிற்பதாகச் சிறுவயதில் நினைத்துக்கொள்வேன். பரோட்டாக் கடை நடத்தினார். கடையில் மிஞ்சியதையும் தின்றார், மிஞ்சாததையும் தின்றார். அவர் நோயால் இறந்ததாக நான் ஒருபோதும் யாரிடமும் சொன்னதில்லை. நாக்கால் இறந்தார்.

"சாப்பாட்டால மட்டும் இந்த நம்பர் வராது சார்," என்றார் டாக்டர். "பரம்பரையா இருக்கலாம். அப்படின்னா பிள்ளைங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. எத்தன பிள்ளைங்க?"

"ஒரு பெண். இருபத்துமூன்று வயது."

"அவளுக்கும் ஒரு தடவ பாத்துருங்க."

அது இயலாது. சுகிர்தாவுக்குச் சிவகாசியில் வரன் கூடி வந்திருக்கிறது. அச்சகம் நடத்தும் குடும்பம். பையன் பெயர் சரண்ராஜ். ஆவணியில் நிச்சயம். இந்த ஊரில் எந்த ஆய்வுக்கூடத்தில் அவள் கையை நீட்டினாலும் மறுநாள் சிவகாசியில் பேச்சாகிவிடும். பெண்ணுக்கு இதயக் கோளாறாமே என்பார்கள்.

டாக்டர் உடனே மாத்திரை தொடங்கச் சொன்னார். ஆகஸ்ட் இறுதிவரை அவகாசம் கேட்டேன். மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். என் எண்ணிக்கை உணவால் மட்டுமே இயல்புக்கு இறங்கிவிட்டால் இது பரம்பரை அன்று என்றாகும். பரம்பரை அன்று என்றால் சுகிர்தாவைச் சோதிக்க வேண்டிய அவசியமே எழாது. தர்க்கம் தெளிவாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

சமையலறைச் சுவரில் விதிகளை ஒட்டினேன்.

எண்ணெய்களைப் பற்றி மக்களுக்கு இருக்கும் அறியாமை வியப்பளிக்கிறது. தேங்காய் எண்ணெய்ப் பொட்டலத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு படித்தவர்களே ஏமாறுகிறார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. கேள்வி அதுவன்று. அந்த எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் நம் ஈரலிடம் போய் என்ன சொல்கின்றன என்பதே கேள்வி. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக், மிரிஸ்டிக் அமிலங்களும் பாமாயிலிலுள்ள பால்மிடிக் அமிலமும் கெட்ட கொழுப்பை ஏற்றும். இவை நிறைவுற்றவை. ஸ்டியரிக்கும் நிறைவுற்றதே, ஆயினும் அது பெரிதாக ஏற்றுவதில்லை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் உள்ள ஒலியிக் அமிலம் சாது. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலிக் அமிலம் கெட்ட கொழுப்பை இறக்கும். எல்லாவற்றிலும் கேடுகெட்டது வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் அமிலம். கெட்டதை ஏற்றி, நல்லதையும் இறக்கிவிடும்.

ஆகவே விதி: தேங்காய், நெய், வெண்ணெய், பாமாயில், வனஸ்பதி, ஆட்டிறைச்சி ஆகியவை இவ்வீட்டுக்குள் வரக்கூடாது. சூரியகாந்தி எண்ணெய் மட்டும். அதுவும் அளவுக் கரண்டியால்.

ராஜகனி சுவரைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "குழம்புக்குத் தேங்கா அரைக்காம என்னத்த அரைக்க?"

"பொட்டுக்கடலை."

"பொங்கலுக்கு நெய்?"

"பொங்கலே வேண்டாம்."

"வீட்ல மூணு பேரு இருக்கோம். ரத்தத்துல ஏறிப்போனது உங்களுக்கு. எங்களுக்கும் சேத்தா பத்தியம்?"

ஒரே அடுப்பில் இரண்டு விதிகள் இருந்தால் மீறல் எளிதாகிவிடும் என்று விளக்கினேன். சுகிர்தா சிரித்தாள். "விடும்மா, நல்லதுதானே," என்றாள். அவளிடம் என்னுடைய ஒழுங்கு இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

புதினாச் சட்னி. பாதிக்கு மேல் மிஞ்சியது.

ஜூன் 13, வெள்ளி

சுகிர்தா இன்று காலை ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை விரதமாம். என் தம்பி தங்கப்பழம் காரில் வந்து, நகை பார்ப்பதற்காக அவளை மதுரைக்கு அழைத்துப் போனான். மாலையில் திரும்பியபோது முழங்கை மடிப்பில் சிறிய பிளாஸ்திரி இருந்தது. கேட்டேன். கார்க் கதவு கீறிவிட்டது என்றாள். நகை எதுவும் பிடிக்கவில்லையாம்.

விரதத்தைத் தொடரும்படி ஊக்குவித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பாவின் நினைவு நாள். இறந்தவருக்குப் பிடித்தவற்றை இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்குப் பிடித்தவை எவை என்பது ஊரறிந்த விஷயம். என் வீட்டில் பல ஆண்டுகளாக இட்லியும் பழமும் மட்டுமே படைத்துவந்தேன். இந்த ஆண்டு தங்கப்பழம் தன் வீட்டில் வைத்தே தீருவேன் என்றான். அப்பாவின் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். கடைக்கு மேல்மாடியில் வீடு.

அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அதில் எண்ணெய் பரோட்டா, அதாவது எங்கள் ஊர் முறைப்படி எண்ணெயில் முழுகப் பொரித்தது. சால்னா. மூளை வறுவல். சுக்கா. ஒரு கிண்ணத்தில் தனியாக ஆட்டுக் கொழுப்பு, மிளகு போட்டு உருக்கியது.

"இதுதானே அவரைக் கொன்றது?" என்றேன்.

"செத்தவருக்கு எதுக்குண்ணே டயட்டு?" என்றான் தங்கப்பழம். "இன்னொருக்காவா சாகப்போறாரு?"

அவன் மனைவியும் ராஜகனியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் குனிந்து, கொழுப்புக் கிண்ணத்தை இலையிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். படையலிலிருந்து ஒன்றை எடுப்பது முறையன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் தவறான ஒன்று எங்கே இருந்தாலும் தவறுதான்.

சிரிப்பு நின்றது. சுகிர்தா வந்து கிண்ணத்தை எடுத்து மறுபடியும் இலையிலேயே வைத்தாள்.

"தாத்தா என்னப்பா தப்பு பண்ணாங்க?"

அவளுக்கு அவரைத் தெரியாது. ஆகவே சொன்னேன். நாக்கைக் கட்டத் தெரியாதவர். தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனவர். அப்படிச் சாகிறவர்களுக்காக அழவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விளக்கைத் தூண்டிவிடப் போய்விட்டாள்.

தங்கப்பழம், "சாமி கும்பிடுற நேரத்துல பேசுற பேச்சாண்ணே இது?" என்றான். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். சுகிர்தாவும் பரோட்டாவைத் தொடவில்லை என்று ராஜகனி சொன்னாள். என் பேச்சு அவளிடம் வேலை செய்திருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

முதல் அறிக்கை வந்தது. 219.

ஒரே மாதத்தில் இருபத்திரண்டு இறங்கியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் ஆகஸ்ட் இறுதியில் 175 வரும். அதன்பின் பயிற்சியால் இன்னும் குறைக்கலாம். ராஜகனியிடம் காட்டினேன். கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "நல்லா இறங்கட்டும்," என்றாள். மேலும் ஏதோ கேட்க வந்ததுபோல் இருந்தது. குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள்.

டாக்டரின் பரம்பரைக் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டது. இன்று அலுவலகத்துக்கு நடந்தே போனேன்.

ஜூலை 9, புதன்

மனிதனுக்கு நேரக்கூடிய அவமானங்களில் இது எந்த வகை என்று தெரியவில்லை.

தங்கப்பழமும் ரத்தம் கொடுத்திருக்கிறான். நாற்பத்தேழு வயது. காலையில் பரோட்டா, மதியம் கறிச்சோறு, இரவு மிஞ்சிய பரோட்டா. கடையில் ஓடுவது பாமாயில். அதன் அயோடின் மதிப்பை, அதாவது அதில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண்ணை, நானே சோதித்திருக்கிறேன். தொப்பை மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவனுடைய கெட்ட கொழுப்பு 104.

வீட்டுக்கே வந்து சொன்னான்.

"நூத்தி நாலுண்ணே. எனக்கே சிரிப்பாருக்கு. கடைக்கு வந்து ரெண்டு பரோட்டா சாப்பிடு, ஒனக்கும் எறங்கிரும்."

"ஆய்வுக்கூடத்தில் பிழை நேர்ந்திருக்கும். மறுபடியும் கொடு."

"ரெண்டு எடத்துல குடுத்துட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? ஒங்கிட்ட தப்பு எதுவுமில்ல. அப்பாகிட்டயும் இல்ல. மாத்திரையப் போட்டுத் தொலையேன். டாக்டரம்மா சொல்றதக் கேக்கறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

டாக்டர் என்னிடம் என்ன சொன்னார் என்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மதினி சொன்னாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. என் ரத்தம் என் வீட்டுக்கு வெளியே பேசப்படுவது எனக்கு உடன்பாடில்லை என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டதால் கல்யாணப் பேச்சுக்கு இடைவேளை. சரண்ராஜ் மட்டும் சுகிர்தாவிடம் தொலைபேசியில் பேசுகிறான். வரம்புக்குள் இருக்கும்வரை தடுப்பதில்லை.

சாப்பிட்டபின் சுகிர்தா ஒரு மாத்திரை விழுங்குவதைக் கண்டேன். "இரும்புச் சத்துப்பா," என்றாள். இரும்புச் சத்துக்கு மாத்திரை எதற்கு, முருங்கைக் கீரை இருக்கிறதே என்றேன். நாளை முதல் வாரம் இருமுறை கீரை என்று சுவரில் சேர்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாம் அறிக்கை: 217.

இரண்டே இரண்டு.

விதிகளில் மாற்றமில்லை. அளவில் மாற்றமில்லை. என் நாக்கில் இந்த இரண்டு மாதங்களாகத் தேங்காய்த் துண்டு ஒன்றுகூடப் பட்டதில்லை. அப்படியானால் பிழை எனக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உணவு நான் சமைப்பதில்லை.

ராஜகனியை அழைத்துக் கேட்டேன். எண்ணெய் எங்கே வாங்குகிறாய்? உறையோடு வாங்குகிறாயா, சில்லறையா? வதக்குவதற்கு வேறு எண்ணெய் ஊற்றுகிறாயா? தங்கப்பழம் வீட்டிலிருந்து ஏதாவது வருகிறதா?

"நீங்க சந்தேகப்படுறது எண்ணெயவா, என்னயவா?"

"இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது."

இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததில்லை. "சோதிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சமையலறை எண்ணெயில் ஒரு மாதிரியும், வாணலியில் மிஞ்சிய எண்ணெயில் ஒரு மாதிரியும் எடுத்து, சிறு குப்பிகளில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். உதவியாளரிடம் கொடுக்கவில்லை; நானே செய்தேன்.

எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்றுக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் முறை. நிறைவுறாத அமிலம் மிகுந்தால் ஏற்கும் அயோடினும் மிகும். தேங்காய் எண்ணெய்க்கு எட்டு, ஒன்பது. பாமாயிலுக்கு ஐம்பத்துச் சொச்சம். சூரியகாந்திக்கு நூற்றுக்கு மேல். குடுவையில் சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். என் கை இதில் ஒருபோதும் பிசகியதில்லை. இன்று முதல் முறை ஒரு சொட்டு கூடிவிட்டது. மறுபடியும் செய்தேன்.

சமையலறை எண்ணெய் 128. வாணலி எண்ணெய் 125. கலப்படமற்ற சூரியகாந்தி. சூடு கண்டால் சிறிது குறைவது இயல்பே.

வீட்டுக்கு வந்ததும் ராஜகனி தண்ணீர் கொடுத்தாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"எது?"

"காலையில குப்பியில புடிச்சுட்டுப் போனீங்கள்ல. ரெண்டு கரண்டி குறையுது. நான் பாஸா, பெயிலா?"

முடிவு திருப்திகரமாக இருந்தது என்றேன். "அப்ப ஒரு சர்டிபிகேட்டும் குடுங்க, முத்திர போட்டு. அடுப்புக்கு மேல ஒட்டிக்கிடுதேன்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே எண்ணெய் சரி. ராஜகனி சரி. நானும் சரி. எண்ணிக்கை மட்டும் சரியில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அளவுக் கரண்டியைப் பாதியாகக் குறைத்தேன். தோசை கல்லில் ஒட்டிக் கிழிந்து வந்தது. கிழிந்ததையே தின்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. நிச்சயம் செப்டம்பர் 7 என்று முடிவாகியிருக்கிறது. சிவகாசியிலிருந்து சரண்ராஜின் அப்பா பேசினார். பேச்சின் இடையில், "உங்க உடம்பப் பாத்துக்கிடுங்க சம்பந்தி," என்றார். பொதுவாகச் சொல்லும் வார்த்தைதான்.

ஆகஸ்ட் 30, சனி

மூன்றாம் அறிக்கை: 216.

டாக்டர் மெஹருன்னிசா மூன்று தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். நான் எதிர்பார்த்த ஏளனம் அவர் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"இவ்வளவு கட்டுப்பாடா யாரும் இருந்து நான் பாத்ததில்ல சார். சாப்பாட்டால எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்கிட்டீங்க. நூத்துக்குப் பத்து. அதுக்கு மேல உங்க கையில இல்ல."

"அப்படியானால் மீதி யார் கையில் இருக்கிறது?"

"பிறப்புல. ரத்தத்துல ஓடுற இந்தக் கொழுப்பப் பிடிச்சு உள்ள இழுக்கறதுக்கு ஈரல்ல கைகள் மாதிரி சில இருக்கு. உங்களுக்கு அது பாதிதான் வேல செய்யுது. எண்ணெயை மாத்துனா இருக்கிற கை கொஞ்சம் வேகமா வேல செய்யும். இல்லாத கை முளைக்காது."

"என் தம்பி கண்டதையும் தின்கிறான். 104."

"அவருக்கு அந்தக் குறை வரல. உங்க அப்பாகிட்டேருந்து ஒரு பிள்ளைக்கு வந்து, ஒரு பிள்ளைக்கு வராமப் போச்சு. பூவா தலையா மாதிரிதான் சார், இதுல நியாயம் கிடையாது." தாள்களை மடித்தார். "அப்பா எதைச் சாப்பிட்டிருந்தாலும், சாப்பிடாம இருந்திருந்தாலும், அந்தக் காலத்துல அந்த வயசத் தாண்டுறது கஷ்டம்தான். அவரு மேல தப்பில்ல."

அவர் மேல் தப்பில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டாம் முறையாக இதை ஒருவர் என்னிடம் சொல்கிறார். பேருந்து நிலையம்வரை நடந்து, அங்கே எதற்காகப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அப்பாவைப் பற்றி இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எனக்கு ஒரு கடமை இருந்தது. அதை இன்று முறையாகச் செய்தேன். அதன் விளைவை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் தங்கப்பழத்தை வரவழைத்தேன். ராஜகனியையும் சுகிர்தாவையும் உட்காரச் சொன்னேன். என் சோதனை முடிந்தது என்றும், இது பரம்பரைக் குறை என்றும், சுகிர்தாவுக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு என் முடிவை அறிவித்தேன்: நிச்சயம் முடியட்டும், கல்யாணமும் முடியட்டும். அதுவரை சோதனை வேண்டாம். சிவகாசிக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது. கல்யாணத்துக்குப் பின் வெளியூரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கப்பழம் ராஜகனியைப் பார்த்தான். ராஜகனி சுகிர்தாவைப் பார்த்தாள்.

"எனக்கு இருக்குப்பா," என்றாள் சுகிர்தா. "போன வருஷமே பாத்தாச்சு. ஆபீஸ்ல ஒரு கேம்ப் வச்சாங்க, அதுல தெரிஞ்சது. மதுரையில டாக்டரப் பாத்துட்டுத்தான் இருக்கேன். சித்தப்பாதான் கூட்டிட்டுப் போறாங்க. தினமும் மாத்திர சாப்புடுறேன்."

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

நான் முதலில் கேட்டது இதுதான். பேசியதைப் பேசியபடியே பதிவு செய்வேன் என்று எழுதியிருக்கிறேன்; ஆகவே இதையும் பதிவு செய்கிறேன்.

"பெத்த மனுசன் கேக்கற கேள்வியப் பாரு," என்றாள் ராஜகனி. சுகிர்தா பதில் சொல்லவில்லை.

சிவகாசிக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று யோசித்தீர்களா என்றேன்.

"சரணுக்குத் தெரியும்ப்பா. பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரமே சொல்லிட்டேன். பிள்ளைக்குன்னு நெனைக்கிறப்ப இந்த மாத்திரைய நிறுத்தணும், அதனால அவருக்குத் தெரிஞ்சே ஆகணும்னு டாக்டர் சொன்னாங்க. அவங்க வீட்லயும் எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. மாமா என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க வீட்ல எல்லாருக்கும் சுகரு, நீ ஒருத்தி வேற வியாதியோட வந்தா நல்லாருக்கும்மான்னு சிரிச்சாங்க."

சிவகாசியில் ஒரு குடும்பம் முழுவதற்கும் தெரியும். என் தம்பிக்கும் என் மனைவிக்கும் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருந்தது.

"எப்படிச் சொல்றது?" என்றாள். அழவில்லை. அழுதிருக்கலாம். "தாத்தாவ நீங்க பேசுறத சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன். எனக்கும் இருக்குன்னா, நானும் ஏதோ தப்புப் பண்ணுனவளாத்தானே இருப்பேன்? அப்படிச் சாகிறவங்களுக்காக யாரும் அழ வேண்டியதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க. படையல்ல வச்சு."

"அது உன்னைச் சொல்லவில்லை."

"அந்த ரத்தம்தானப்பா எனக்கும்."

எழுந்து உள்ளே போனாள். தங்கப்பழம் அவள் பின்னால் போகக் கிளம்பினான், ராஜகனி தடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, வழக்கத்துக்கு மாறாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"மே மாசம் உங்கள டெஸ்ட்டுக்குப் போச்சொல்லி நான் நச்சரிச்சேன்னு நெனச்சீங்களா? அவ சொன்னா. அப்பாகிட்டேருந்துதான் வந்திருக்கும், அப்பாவ உடனே பாக்கச் சொல்லும்மா, என் பேரைச் சொல்லாதன்னா. பிள்ளை உங்கள நெனச்சு ராத்திரி தூங்கல. நீங்க சுவத்துல காகிதம் ஒட்டிட்டிருந்தீங்க."

"மதினி, போதும்," என்றான் தங்கப்பழம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்தக் காகிதத்துல இருக்கிறதெல்லாம் அவளுக்கும் நல்லதுதான்னு மதுர டாக்டர் சொல்லிட்டாரு. அதனாலதான் நானும் வாய மூடிட்டு ஆக்கிப் போட்டேன். உங்களுக்காகன்னு நெனச்சுக்கிடாதீங்க."

தங்கப்பழம் போகும்போது என் தோளில் கை வைத்தான். அவன் கையில் வெங்காயமும் பாமாயிலும் மணத்தன. எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் ராஜகனி அடுப்படியிலிருந்து கேட்டாள்: "தாளிக்க எந்த எண்ணெய்?"

"உன் விருப்பம்."

"என் விருப்பமா? மூணு மாசமாக் காணோமே, எங்கேருந்து தேடிப் புடிச்சுட்டு வந்தீங்க?"

சுகிர்தா என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளிடம் ஏதேனும் பேச வேண்டும் என்று மூன்று வாக்கியங்கள் அமைத்து வைத்திருந்தேன். மூன்றிலும் இலக்கணப் பிழை இல்லை. ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாக இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா," என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனாள். எல்லா நாளும் சொல்வதுதான்.

சோதனையின் முடிவை முறைப்படி எழுதிவிடுகிறேன். உணவிலுள்ள கொழுப்பு அமிலங்கள் ரத்தக் கொழுப்பை மாற்றும் என்பது உண்மை. என்னிடம் அவை இருபத்தைந்து புள்ளிகளை மாற்றின. எஞ்சியவற்றை எந்த எண்ணெயும் மாற்றாது. அவற்றில் யாருடைய குற்றமும் இல்லை. திரவியம் என்ற என் தகப்பனாரின் குற்றமும் இல்லை. நான் நிறுவ முயன்றது பிழை. அந்தப் பிழையின்மேல் நான் ஒரு வாழ்க்கையையும், ஒரு சமையலறையையும், ஒரு மகளையும் நிறுத்திவைத்திருந்தேன்.

இனிச் செய்யப்போவதை எழுதுகிறேன். இன்று மாலை டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய் மாத்திரை எழுதி வாங்கி, இன்றே தொடங்குவேன். ஏழாம் தேதி வாசலில் நின்று சிவகாசிக்காரர்களை வரவேற்பேன்; அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது என்பதை முகத்தில் காட்டாமல் சந்தனம் நீட்டுவேன். சுகிர்தாவிடம் அவளுடைய எண்ணிக்கை எவ்வளவு என்று இனி ஒருபோதும் கேட்கமாட்டேன். அவளுடைய மருந்தின் பெயரையோ அளவையோ கேட்டு, அதிலிருந்து கணக்கிட்டுக் கண்டுபிடிக்கவும் முயலமாட்டேன். எனக்கு அது இயலும், ஆனால் செய்யமாட்டேன். என்றேனும் அவளாகச் சொன்னால், பதிலாக ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால், தெரியாதவனாகவே இருந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுப்பேன்.